மேஜைக்கு அடியில் குறளி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? அகராதி அலுவலகத்தில் நல்ல நாற்காலி தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா, இல்லை வழக்கம்போல வாய்ப்பேச்சுதானா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எங்கள் மந்திர வித்தைக் குழுவில் போன் என்பது அத்தானின் சட்டைப்பையில் இருக்கும் ஒன்றுதான். உன்னோடு பேசினால் பக்கத்திலேயே நின்று நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். அப்படி நின்றால் அவரைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

போன வாரம் தகரக் கூரை போட்ட ஒரு அரங்கத்தில் நிகழ்ச்சி. நான் வழக்கம்போல மந்திர மேஜையின் இரண்டு தட்டுகளுக்கு நடுவில், கறுப்புத் துணிக்குப் பின்னால், முழங்காலில் தாடையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேன். வேலை உனக்குத் தெரிந்ததுதான். பார்க்க வந்தவர்கள் மனக்குறையைச் சீட்டில் எழுதிக் கிண்ணத்தில் போடுவார்கள். கிண்ணத்து ஓட்டை வழியாக அது என் மடியில் விழும். நான் சின்ன டார்ச்சில் படித்துவிட்டு, அத்தானின் கால் கட்டைவிரலில் கட்டிய நூலை இழுப்பேன். ஒரு இழுப்பு கல்யாணம், இரண்டு வேலை, மூன்று நோய். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இதைச் சொல்வது நானில்லை, என் குறளி" என்பார். சனம் வாயைப் பிளக்கும். நீ எழுதிக் கொடுத்த வசனம்தானே, உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

அன்றைக்கு முன்வரிசையில் யாரோ பெரிய மனிதர் இருந்தார் என்று அத்தான் நிகழ்ச்சியை இழுத்துக்கொண்டே போனார். உள்ளே அனல். நான் எப்போது மயங்கினேன் என்று எனக்கே தெரியாது. திரை விழுந்தும் நான் வெளியே வரவில்லை என்று குழுவின் கீபோர்டுக்காரர்தான் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். நர்ஸ் ஒருத்தி பேனாவோடு நின்று, "இவங்க என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டாள். அத்தான் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: "வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர். நம்ம வீட்டு மனுஷி. சும்மா கூட வந்திருக்காங்க."

உனக்கும் அவருக்கும் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து சும்மா அந்தத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அக்கா. காய்ச்சல் வந்தபோதும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நிகழ்ச்சி முடிவில் துணியை விலக்கி, இத்தனையும் செய்தது இவள்தான் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நான் ஒரு கும்பிடு போட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ இப்போது அகராதியில் 'கு' எழுத்துக்குத்தான் பொருள் எழுதிக்கொண்டிருக்கிறாய் இல்லையா? குறளி என்றால் என்ன? எங்கிருந்து வந்த சொல்? லாட்ஜ்காரர் மனைவி நேற்று, "குறளி நெஜமாவே இருக்கா, நீ பாத்திருக்கியா?" என்று ரகசியமாகக் கேட்டாள். தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். நாற்காலி வரவில்லை, பழைய நாற்காலிக்கு ஒரு தலையணை வந்திருக்கிறது. நீ தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் அலையாதே.

நீ கேட்டது. குறள் என்றால் குறுமை. குறளன் குட்டையானவன், குறளி குட்டையானவள். பழைய பாட்டுகளில் அரண்மனைக்குள் குற்றேவல் செய்தவர்களாகக் கூனர்களும் குறளர்களும் வருகிறார்கள். மன்னன் மனைவிக்குச் சேதி கொண்டுபோவதும், கதவருகே நிற்பதும், ஆள் வந்தால் மறைந்துகொள்வதும் அவர்கள் வேலை. அதே சொல்தான் மந்திரவாதி கட்டிவைத்து வேலை வாங்கும் குட்டிப் பேய்க்கும். அந்தப் பேயைக் கொண்டு செய்வதாகச் சொல்லும் கண்கட்டு, குறளிவித்தை.

மனுஷிக்கு இருந்த சொல் பேய்க்கு எப்போது போனது என்று அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஊகம் இருக்கிறது. யாரோ ஒரு வித்தைக்காரன், எந்தக் காலத்திலோ, குட்டையான ஒருத்தியை ஒளித்துவைத்து வித்தை காட்டியிருப்பான். பார்த்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை, வேலை மட்டும் தெரிந்தது. ஆள் தெரியாமல் வேலை நடந்தால் பேய் என்றுதானே சொல்வார்கள். ஊகத்தை அகராதியில் எழுத முடியாது. தங்கைக்கு எழுதலாம்.

இந்தச் சொல்லோடு சேர்ந்த மற்றச் சொற்களையும் தேடி எடுத்து, இத்துடன் மூன்று பக்கம் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

நலம்தான், கேட்டதற்கு நன்றி. தண்ணீர் குடிக்கிறேன்.

இணைப்போடு சேர்த்து நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அரண்மனைக் குறளர்கள் வருகிறார்கள், மன்னன் மனைவி வருகிறாள். உன் வீட்டுக்காரர் மட்டும் எங்கேயும் வரவில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்று ஒரு வரி எழுத உனக்கு மை தீர்ந்துவிட்டதா?

ஆனால் உன் ஊகத்தை நான் பலமுறை படித்தேன். எந்தக் காலத்திலோ இருந்த அந்தக் குட்டச்சி மேல் எனக்கு ஒரே ஆத்திரம். ஒரு நாளாவது எழுந்து வெளியே வந்திருந்தால் இந்தப் பேய்க்கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவள் செய்யாததை நான் செய்யலாம் என்று நேற்று அத்தானிடம் நேராகவே கேட்டேன். அவர் மேடைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியில ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்க. ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடறேன்."

"வித்தையோட உயிரே ரகசியத்துல இருக்கும்மா."

"என் உயிர் மேஜைக்கு அடியில இருக்கு."

அவர் இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உன்னைப் பாத்தா சிரிப்பாங்க. அதை நான் எப்படித் தாங்குவேன்?"

"சிரிக்கப் போறது என்னைப் பாத்து. நீங்க எதுக்குத் தாங்கணும்? கடைக்குப் போனா சிரிக்கறாங்க, பஸ்ல ஏறினா சிரிக்கறாங்க. சிரிப்புக்கு நடுவுலதான் வளந்தேன். சரி, வளரல. இருந்தேன்."

பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். அத்தான் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீயும் அவரும் பொருத்தமான ஜோடி.

உன் தங்கை


மார்ச் 10

என் வாழ்க்கைத் துணைவிக்கு,

மந்திரச் சக்கரவர்த்தியின் ஆசிகள். நலம், நலமே விழைகிறேன். உன் முதுகுக்கு நான் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

பெரிய செய்தி. தலைநகரத்தின் பெரிய அரங்கத்தில் ஜூன் மாதம் முதல் நமக்கு இடம் கிடைத்திருக்கிறது. வெல்வெட் திரை, சுழலும் விளக்கு, மேடைக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நிற்கும்படி தனி அறை. நான் இத்தனை காலம் ஊர் ஊராக அலைந்தது இதற்காகத்தான் என்று உனக்குத் தெரியும்.

இந்த நேரத்தில் உன் தங்கை போர்க்கொடி தூக்கியிருக்கிறாள். மேடைக்கு வர வேண்டுமாம். அவளை நான் என் சொந்தத் தங்கையாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு நாள் பட்டினி போட்டதுண்டா? ஒரு சுடுசொல் சொன்னதுண்டா? அவளை நாலு பேர் பார்த்துச் சிரிக்காமல் நான் காப்பாற்றி வைத்திருப்பது அவளுக்குப் புரியவில்லை. நீ சொன்னால் கேட்பாள். இரண்டு வார்த்தை எழுது.

அப்படியே, புது அரங்கத்துக்குப் புது வசனமும் எழுதி அனுப்பு. குறளியோடு நான் பேசுவது இன்னும் கம்பீரமாக இருக்க வேண்டும். நீ எழுதினால் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் மனப்பாடம் செய்துவிடுவேன். நானாகப் பேசினால் மேடையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

உன் கணவன்


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலமா? நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் உனக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். "உங்க அக்கா உனக்குப் புத்தி சொல்லுவா" என்றும் சொன்னார். உன் புத்திமதிக்காகக் காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது.

அவர் பக்கம் என்றால் அவர் பக்கம் என்று எழுதிவிடு. உன் நிலைமை எனக்குப் புரியாமலில்லை. தாலி கட்டியவர் ஒரு பக்கம், உன் இடுப்புயரத்தில் நிற்கும் நான் ஒரு பக்கம். ஆனால் எதுவும் எழுதாமல் இருக்காதே. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீ என்ன எழுதினாலும் மேடைக்கு வரும் முடிவை நான் மாற்றப்போவதில்லை.

தங்கை


மே 2

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? தாமதத்துக்குக் காரணம் சொல்ல மாட்டேன்.

அலுவலகத்தில் உன்னால் ஒரு சண்டை. எங்கள் வழக்கம் இது: ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதினால் எழுதியவரும் சரிபார்த்தவரும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து விழாமல் அடுத்த சொல்லுக்குப் போகக் கூடாது. குறளிக்கு எங்கள் பதிப்பாசிரியர் ஐயா தாமே எழுதிய பொருள், 'மந்திரவாதியின் ஏவலுக்கு அடங்கிய குட்டிப் பேய்.' என்னிடம் கையெழுத்துக்கு வந்தது. நான் போடவில்லை.

"என்னம்மா குறை?" என்றார்.

"குட்டிப் பேய்ங்கறது சரி ஐயா. அடங்கியங்கறதுக்குச் சான்று வேணும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"சான்று இல்லாம எழுதாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே."

அவரிடம் சான்று இல்லை. என்னிடம் எதிர்ச்சான்று இருக்கிறது. நான் சேர்த்துவைத்த கதைகளில் குறளியைக் கட்டிவைத்தவன் ஒருத்தன்கூட நிம்மதியாக இருந்ததில்லை. வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும், சொன்ன வாக்குத் தப்பக் கூடாது. தப்பினால் கட்டினவனையே அடித்துவிட்டுக் கிளம்பிவிடும். ஒரு கதையிலும் அது அடங்கி இருக்கவில்லை, பொறுத்துத்தான் இருக்கிறது. படித்துப் படித்துப் பார்த்தேன்.

"இது அகராதிம்மா, கோர்ட்டு இல்ல" என்று ஐயா எழுந்து போய்விட்டார். கையெழுத்து இல்லாததால் 'கு' அப்படியே நிற்கிறது. குறிப்பு, குறும்பு, குறை எல்லாம் குறளிக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. கூட வேலை செய்பவர்கள் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

புது அரங்கத்தில் மேடைக்கு அடியில் உள்ள அறையில் உட்காரப் போகிறாயா, மேஜையில்தானா? எழுது.

அக்கா


மே 20

மதிப்புக்குரிய என் கணவருக்கு,

வணக்கம். தைலம் வந்தது, தடவுகிறேன். தங்கைக்கு எழுதச் சொன்னீர்கள், எழுதியிருக்கிறேன்.

புது வசனம் இதோ. கடைசிக் காட்சியில், மேஜையைப் பார்த்து மூன்று கேள்வி கேட்கிறீர்கள்.

'குறளி, நீ இருக்கிறாயா?'

'குறளி, உனக்கு யார் எஜமான்?'

'குறளி, நீ வெளியே வந்தால் என்ன ஆகும்?'

ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நன்றாக மூச்சை இழுத்துவிட்டு நிற்க வேண்டும். அவசரப்படக் கூடாது. சபை அந்த மௌனத்தில்தான் நடுங்கும். மூன்றாவது கேள்விக்குப் பிறகு கைகளை விரித்து, சபையைப் பார்த்துத் திரும்பி, கண்களை மூடிக்கொண்டு நில்லுங்கள். கைதட்டல் கேட்கும்வரை திறக்காதீர்கள். கம்பீரமாக இருக்கும்.

வழக்கம்போல ஒரு புள்ளியையும் மாற்றாமல் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

உன் அத்தானுக்கு இன்றைக்கு அனுப்பிய வசனத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு ஒளித்துவை. கேள்வி அவருக்கு, பதில் உனக்கு.

முதல் கேள்விக்கு: 'இருக்கேன். நீங்க மேடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கேன்.'

இரண்டாவது கேள்விக்கு: 'எஜமானா? அவரோட கால் கட்டைவிரல் என் கையில இருக்கு.' இதற்கு நூலைக் கொஞ்சம் பலமாகவே இழு.

மூன்றாவதற்கு நான் எழுதிப் பார்த்துக் கிழித்தேன், எழுதிப் பார்த்துக் கிழித்தேன். அதற்குப் பதில் நீதான். அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார், தடுக்க மாட்டார்.

சிரிப்பார்கள் என்பது உண்மைதான். அதை மறைத்து உனக்கு நான் எழுத முடியாது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் வெளியே வா.

அக்கா


ஜூன் 16

என் அக்காவுக்கு,

கும்பிடு. உன் முதுகு, உன் நாற்காலி, உன் அலுவலகம் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

நேற்று முதல் நிகழ்ச்சி. அரங்கம் நிறைந்திருந்தது. அத்தான் பழைய மேஜையையே வைத்துக்கொண்டார், ராசியாம். கடைசிக் காட்சியில் குரலை உயர்த்தி, "குறளி, நீ இருக்கிறாயா?" என்றார். நான் சொன்னேன். அக்கா, அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து என் குரல் வெளியே போனது அதுதான் முதல் தடவை. முதலில் யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு ஒரே கைதட்டல். அத்தான் காலை உதறினார், எனக்கு நூலில் தெரிந்தது. ஆனால் நீ எழுதிக் கொடுத்துவிட்டாயே, நிறுத்த முடியுமா? "குறளி, உனக்கு யார் எஜமான்?" என்றார். நான் சொன்ன பதிலுக்குச் சிரித்துத் தீர்த்தார்கள். நூலை இழுத்த இழுப்பில் அவர் ஒற்றைக் காலில் ஆடியதும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது கேள்வியைக் கேட்பாரோ மாட்டாரோ என்று நினைத்தேன். கேட்டார். சொந்தமாகச் சொல்ல அவரிடம் வேறு எதுவும் இல்லை. கையை விரித்தார், கண்ணை மூடினார்.

துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கால் மரத்துப்போயிருந்தது, அதனால் எழுந்து நிற்கக் கொஞ்சம் நேரமானது. நின்ற பிறகும் சிலருக்கு நான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று தோன்றியிருக்கும். நடுவரிசையில் ஒருத்தன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். அத்தான் சொன்னது சரிதான், சிரித்தார்கள். ஆனால் அங்கேயே நின்றேன். சிரித்து முடிக்கட்டும் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம்தான் சிரிப்பார்கள், வாய் வலிக்காதா?

பிறகு கீழே இறங்கினேன். முன்வரிசையில் ஒரு அம்மாவின் மோதிரத்தைக் கேட்டு வாங்கினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டேன். வெறும் கையில் வைத்து மூடினேன், திறந்தேன், காணோம். நேராக அந்த முதலில் சிரித்தவனிடம் போய், அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். மேஜைக்கு அடியில் நிகழ்ச்சி தொடங்கக் காத்திருந்த நேரமெல்லாம் இதைத்தான் பழகினேன், உனக்குக்கூடச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவர்கள் தட்டியது என் காதில் இன்னும் இருக்கிறது. அத்தான் கைதட்டல் கேட்டுக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் ஒரு கும்பிடு போட்டார்.

திரைக்குப் பின்னால் அரங்க மானேஜர் ஓடிவந்து, "நாளைக்கும் இதையே செய்ங்க" என்றார். அத்தான் அதைக் காதில் வாங்கவேயில்லை. என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ மேஜைக்குள்ள. இல்லன்னா பஸ் ஸ்டாண்டுல" என்றார்.

"பஸ் ஸ்டாண்டு நல்லா காத்தோட்டமா இருக்கும்" என்றேன்.

இன்றைக்கு நிகழ்ச்சி இல்லை என்று பலகை தொங்குகிறது. நான் அறையில் இருக்கிறேன். மேஜைக்குள் போக மாட்டேன்.

உன் தங்கை, குறளி


ஜூன் 18

மனைவிக்கு,

கேள்வியை எழுதியவள் நீ. பதிலையும் நீதான் எழுதினாய் என்று உன் தங்கையின் பெட்டியில் கிடந்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கட்டிய கணவனைக் கண்ணை மூடச் சொல்லி ஏமாற்றியிருக்கிறாய்.

உனக்குத் தங்கை வேண்டுமா, நான் வேண்டுமா? மறுதபாலில் தெரிவிக்கவும்.


ஜூன் 25

மதிப்புக்குரியவருக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? சரியாகச் சாப்பிடுகிறீர்களா? கோபம் வந்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பிடுங்கள்.

ஆமாம், நான்தான் எழுதினேன். அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்ததற்கு நீங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். வேலையெல்லாம் ஒன்றும் இல்லை, சும்மா கூட வந்திருக்கிறாள் என்று. நம் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதித் தராமல் நீங்களாகச் சொன்ன வசனம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அவள் கடிதத்தில் அதைப் படித்தபோது அழுதேன். பிறகு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் அவளுக்கு உங்களைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் நம் குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்து, நாலு பக்கம் சொல்லாராய்ச்சி எழுதி அனுப்பினேன். அவள் என்னைக் கோழை என்று நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாள்.

அலுவலகத்தில் நான் தோற்றுவிட்டேன். குறளிக்கு வேறு யாரோ கையெழுத்துப் போட்டு, 'ஏவலுக்கு அடங்கிய' என்றே போகிறது. என்னைத் தூக்கி 'ஞ'வில் போட்டுவிட்டார்கள், மொத்தமாகவே கையளவு சொற்கள். இரண்டு சண்டையில் ஒன்று போயிற்று. இன்னொன்றில் தோற்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

தங்கை வேண்டுமா, நீங்கள் வேண்டுமா என்று கேட்டீர்கள். இரண்டு பேரும் வேண்டும். ஆனால் இனி நான் எழுதும் வசனத்தை மேடையில் பேசுவது அவள். உங்களுக்கு நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். மேடைக்கு அடியில் ஆள் நிமிர்ந்து நிற்கும்படி ஓர் அறை இருக்கிறது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். விருப்பமிருந்தால் அதில் நின்று நூலை இழுங்கள். விருப்பமில்லாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள், கதவைத் திறப்பேன். அப்போதும் இதையேதான் சொல்வேன்.

உங்கள் மனைவி


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். உனக்குப் புது நாற்காலி வாங்க மானேஜர் கொடுத்த முன்பணத்தில் கொஞ்சம் அனுப்புகிறேன். 'ஞ' எழுதுகிறவளுக்கும் முதுகு இருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகு அத்தான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். நடுவில் ஒரு நாள் தனியாகவே நிகழ்ச்சி நடத்திப் பார்த்தார். மேஜைக்குள் கீபோர்டுக்காரரைத் திணித்தார்கள், பாதிதான் போனார். அத்தான் கேள்வி கேட்டார், பதில் இல்லை. பின்வரிசையிலிருந்து "குறளி எங்கேய்யா?" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். மானேஜர் என் அறைக்கு வந்து, நான் இல்லாமல் திரை ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அத்தான் வந்து வாசலில் நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கீழ எந்த நூலை எப்ப இழுக்கணும்னு சொல்லு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சுவரொட்டியில் 'குறளி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். மேலே 'மந்திரச் சக்கரவர்த்தியின்' என்று சேர்க்கச் சொல்லி அத்தான் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நான் யாருடைய குறளியும் இல்லை.

இப்போது மேலே நான், கீழே அவர். நூல் என் கால் கட்டைவிரலில். இத்தனை வருஷம் நூலின் அந்தப் பக்கம் இருந்தவருக்கு இந்தப் பக்கத்துக் கணக்கு வரவில்லை. முதல் நாள் இழுப்பை மாற்றி இழுத்துவிட்டார், நான் ஒரு தாத்தாவின் மூட்டுவலிக்கு நல்ல வரன் வருகிறது என்று சொல்லிவிட்டேன். தாத்தாவுக்குச் சந்தோஷம். அவர் வீட்டம்மாவுக்குத்தான் இல்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் நான் மேடைத் தரையிலுள்ள கதவைத் திறந்து, "கீழே நின்னு சீட்டெல்லாம் படிச்சு எனக்குச் சொன்னவர் இவர்தான், எங்க அத்தான்" என்று சொல்லிக் கூப்பிடுகிறேன். அவர் வரவில்லை. தினமும் கூப்பிட்டேன், தினமும் வரவில்லை. இருட்டுக்குள்ளிருந்து, "சும்மா இரு" என்று ஒரு குரல் மட்டும் வரும். மானேஜர், "விட்டுடுங்களேன், நேரமாகுது" என்றார். முடியாது என்றேன். வேலை செய்தவர் பேர் சொல்லாமல் என் நிகழ்ச்சி முடியாது.

நேற்று வந்தார். தலையெல்லாம் ஒட்டடை. வெளிச்சத்தில் கண் கூசி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எல்லோரும் தட்டினார்கள். எனக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள் என்று எனக்குப் பொறாமை.

திரை விழுந்த பிறகு என் காலிலிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டே கேட்டார், "கீழ இவ்வளவு இருட்டா இருக்கும்னு நீ ஒரு தடவைகூட சொன்னதில்லையே."

"நீங்க ஒரு தடவைகூட கேட்டதில்லையே அத்தான்."

அவர் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நீயும் எழுதாதே, கேட்க மாட்டேன். ஆனால் நாளைக்கும் கதவைத் திறந்து அவரைக் கூப்பிடுவேன்.

உன் தங்கை,
குறளி